‘ஆடாதே, அசையாதே’ வேண்டாம்!

சென்ற வருஷம் ஒரு நாள் காலை. செஞ்சியில் இருக்கும் என் வைத்தியசாலைக்கு மேல்சித்தாமூரிலிருந்து ஓர் அம்மா வந்தார்கள். எண்பதைத் தாண்டிய வயது. மூத்த மகனும் மருமகளும் கூட வந்திருந்தார்கள்.

‘‘ராத்திரியில பொட்டுத் தூக்கம் இல்ல தம்பி’’ என்பதுதான் முறையீடு. நாடி பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். பசி, மலச்சிக்கல், மூட்டு வலி எல்லாம் விசாரித்தேன். வயதுக்கு மீறிய கோளாறு ஒன்றும் தெரியவில்லை. கணவர் காலமாகி நாலு மாதம் ஆகியிருந்தது.

மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: ‘‘கூடத்துல மாமா போட்டோ மாட்டியிருக்கோம் டாக்டர். அத்தை அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேங்கறாங்க.’’

‘‘ஏம்மா?’’ என்று கேட்டேன்.

‘‘அது அவரு மூஞ்சியே இல்ல தம்பி. யாரோ அதட்டினாப்பல முழிச்சிக்கிட்டு நிக்கறாரு. அவரு அப்படியா இருப்பாரு?’’

விஷயம் இதுதான். ஏதோ ஓர் அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டில் செல்போன் நாலு. அவற்றில் ஆயிரக்கணக்கில் படங்கள். தேர்த் திருவிழா இருக்கிறது, பேத்தியின் பிறந்தநாள் இருக்கிறது, செஞ்சிக் கோட்டை இருக்கிறது. அந்தப் பெரியவர் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றுகூட இல்லை!

உங்கள் வீட்டிலும் இதே கதைதானா? இப்போதே செல்போனை எடுத்துப் பாருங்கள். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி நன்றாகத் தெரியும் படம் எத்தனை இருக்கிறது? குடும்பத்தில் எப்போதும் படம் பிடிக்கிற ஒருவர் இருப்பாரே, அவர் எத்தனை படத்தில் இருக்கிறார்?

‘சித்த வைத்தியருக்கும் போட்டோவுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று நினைக்கிறீர்களா? சம்பந்தம் நிறைய உண்டு. கேளுங்கள்.

முதல் முயற்சி தோல்வி

தூக்கத்துக்கு அமுக்கரா சூரணம் கொடுத்துவிட்டு, ‘‘அம்மாவையாவது நல்லபடியா நாலு படம் எடுத்து வைங்க’’ என்று மகனிடம் சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து வந்தார். செல்போனை நீட்டினார். நாற்பது படம். நாற்பதிலும் அம்மா ஒரே மாதிரி. தோள் காதுக்கு ஏறி நிற்கிறது. கை முஷ்டி பிடித்திருக்கிறது. கண் சுருங்கியிருக்கிறது. பக்கத்தில் பேத்தி அழுத முகத்தோடு நிற்கிறாள்.

எப்படி எடுத்தீர்கள் என்று விசாரித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி. முற்றத்தில் நல்ல வெயில். எல்லோருக்கும் பட்டுப் புடவை, புதுச் சட்டை. வரிசையாக நிறுத்தி, ‘‘ஆடாதே, அசையாதே, இங்க பாரு, சிரி’’ என்று அரை மணி நேரம். கடைசியில் அம்மா, ‘‘போதும்டா, தலை சுத்துது’’ என்று உள்ளே போய்விட்டார்களாம்.

தலை சுற்றாமல் என்ன செய்யும்? எண்பது வயதில் வெயிலில் நெடுநேரம் அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தங்கி, ரத்த அழுத்தம் இறங்கும். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் சுலபமாக வரும். விழுந்திருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கும். முதியவர்களைப் படம் எடுக்க நிற்க வைக்காதீர்கள். சாய்மானம் உள்ள ஆசனத்தில் உட்கார வையுங்கள். இது முதல் பாடம்.

உடம்பு ஏன் விறைக்கிறது?

இந்த ‘அசையாதே’ எங்கிருந்து வந்தது தெரியுமா? 1839-ல் பிரான்சில் தாகேர் தம்முடைய புகைப்பட முறையை வெளியிட்டபோது, ஒரு படம் பதிய நிமிஷக்கணக்கில் ஆகும். ஆள் அசைந்தால் முகம் கலைந்துவிடும். அதனால் அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் தலைக்குப் பின்னால் ஓர் இரும்புக் கவ்வியை வைத்து, அசையாமல் பிடித்துக்கொள்வார்கள். படத்தில் அது தெரியாது. முகத்தில் இருக்கும் விறைப்பு மட்டும் தெரியும்.

நம் ஊர் ஸ்டூடியோக்களும் இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவைதாம். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1880 முதல் 1980 வரை தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் எடுத்த குடும்பப் படங்களைத் தேடிச் சேர்த்து, கணினியில் பதிவுசெய்து பாதுகாத்திருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களைக் காக்கும் திட்டம் அதற்குக் கைகொடுத்தது. அந்தக் காலத்துப் படம் உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒன்றிரண்டு இருக்கும். எடுத்துப் பாருங்கள். பெரியவர் நாற்காலியில், மனைவி பக்கத்தில் நின்றபடி, பிள்ளைகள் உயர வரிசையில், கை முழங்காலில். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இருக்காது. அழகான படங்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் வீட்டில் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது அதில் இல்லை.

பிறகு வீட்டுக்கே காமிரா வந்தது. ஆக்ஃபா க்ளிக்-3 ஞாபகம் இருக்கிறதா? ஒரு ரோலுக்கு 12 படம். ஒன்று வீணானால் காசு வீண். அதனால் அப்பா அதட்டுவார், நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். இன்று செல்போனில் நூறு எடுத்தாலும் செலவில்லை. ரோல் போய்விட்டது. அதட்டல் மட்டும் போகவில்லை!

சிரிப்பு வாயில் இல்லை

‘சிரி’ என்று சொன்னால் சிரிப்பு வராது. இதற்கு உடற்கூறு காரணம் உண்டு. துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத் தசைகளை மெல்லிய மின்சாரத்தால் தூண்டிப் படம் எடுத்து, 1862-ல் ஒரு நூல் வெளியிட்டார். வாயின் ஓரத்தை மேலே இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும். கண்ணைச் சுற்றியிருக்கும் தசை அப்படி லேசில் கேட்காது. மனசு மலர்ந்தால்தான் அது சுருங்கி, கண் ஓரத்தில் கோடு விழும் என்று எழுதினார். அதனால்தான் ‘சீஸ்’ சொல்லி எடுத்த படத்தில் பல் சிரிக்கும், கண் சிரிக்காது.

நாங்கள் நாடி பார்க்கிற முறையை யோசித்துப் பாருங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தவரின் கையை உடனே பிடித்தால் நாடி சரியாகப் பேசாது. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த நாளில் எங்கள் ஆசிரியர் சொல்வார்: முதலில் உட்கார வை, ஊர்க் கதை கேள், பிறகு கையைப் பிடி. ரத்தக்கொதிப்பு பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் அமைதியாக உட்காரச் சொல்வதும் இதற்காகத்தான். காமிராவுக்கும் இதே விதி. முதலில் உடம்பு அடங்கட்டும். பிறகு படம்.

இரண்டாம் முயற்சி

அடுத்த ஞாயிறு மேல்சித்தாமூரில் எனக்கு வேறு ஒரு வேலை இருந்தது. பார்சுவநாதர் கோயிலும், தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமும் உள்ள ஊர் அது. போகிற வழியில் அவர்கள் வீட்டுக்கும் போனேன். மாலை 4 மணி. முன்கூட்டியே மகனிடம் சில விஷயங்களைச் சொல்லியிருந்தேன்.

நேரம்: சமணக் குடும்பங்களில் இருட்டுவதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். ஆகவே நாலு மணியிலிருந்து ஐந்தரை வரைதான் தோது. நீங்களும் உங்கள் வீட்டுப் பழக்கத்தைப் பார்த்து நேரம் வையுங்கள். பசி நேரம், தூக்க நேரம், மாத்திரை நேரம் மூன்றையும் தவிருங்கள். கைக்குழந்தை என்றால் தூங்கி எழுந்து பால் குடித்த அரை மணியில் எடுங்கள். மொத்தம் இருபது நிமிஷம் போதும்.

உடை: ‘‘தினம் கட்டற நூல் புடவையே கட்டிக்குங்கம்மா’’ என்றேன். அம்மாவுக்கு அதிலேயே பாதி டென்ஷன் போய்விட்டது. புது ஜாக்கெட் இறுக்கும், பட்டு வேர்க்கும், குழந்தைக்குப் புதுச் சட்டை அரிக்கும். துவைத்துப் பழகின உடையே உத்தமம்.

இடம்: ‘கோட்டைக்குப் போனாத்தான் படம் நல்லா வரும்’ என்று பேரன் சொன்னான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் காலத்து 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் செஞ்சியும் ஒன்று. பெருமைதான். ஆனால் ஆயாவால் அங்கே படியேற முடியுமா? வீட்டில் அவர் தினமும் உட்காரும் இடமே அவருக்கு ராஜகிரி. தாழ்வாரத்தில் முற்றத்தைப் பார்த்த மாதிரி ஒரு நாற்காலி போட்டோம்.

கைக்கு வேலை: மிக முக்கியம் இதுதான். வெறும் கையோடு உட்கார்ந்தால் கையை எங்கே வைப்பது என்பதே பெரிய கவலை. விதைக்கு வைத்திருந்த மல்லாட்டை ஒரு முறத்தில் இருந்தது. அதை அம்மா மடியில் வைத்தோம். பேத்தியும் பக்கத்தில் உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தாள். உங்கள் வீட்டில் பூ தொடுக்கலாம், கீரை ஆயலாம், பேப்பர் படிக்கலாம், பேத்திக்குத் தலை பின்னலாம். கை பழகின வேலையில் இறங்கினால் தோள் தானாக இறங்கும். தாடை தளரும். மூச்சு சீராகும்.

பேச்சு: ‘இங்கே பாருங்க’ என்று யாரும் சொல்லக் கூடாது என்று கண்டிஷன் போட்டேன். நான் கேட்டது ஒரே கேள்வி: ‘‘கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு என்ன சமையல்மா?’’

அவ்வளவுதான். அம்மா பேச ஆரம்பித்துவிட்டார்கள். பேத்தி ஒரு பருப்பை வாயில் போட்டுக்கொண்டு, ‘‘விதையைத் திங்கறியா திருட்டுக் கழுதை!’’ என்று அம்மாவிடம் செல்லமாக ஒரு குட்டு வாங்கினாள். பேரன் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டே இருந்தான்.

வெளிச்சமும் தூரமும்

செல்போனில் எடுக்கிறவர்களுக்குச் சில எளிய விதிகள்.

நேர் வெயில் வேண்டாம். முகத்தில் கருப்பு நிழல் விழும், கண் கூசும். ஜன்னல், வாசல், முற்றம் இவற்றின் ஓரமாக நிழலில் உட்கார வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி எடுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் முகம் இருட்டாகிவிடும்.

முகத்துக்கு மிக அருகில் போகாதீர்கள். அமெரிக்காவில் 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, ஓர் அடி தூரத்தில் எடுத்தால் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று கணக்கிட்டது. ஐந்தடி தூரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுச் சொன்ன கணக்கு இது. செல்ஃபியில் மூக்கு மட்டும் முன்னால் வருவது இதனால்தான். ஐந்தாறு அடி தள்ளி நில்லுங்கள்.

உட்கார்ந்திருப்பவரை நின்றுகொண்டு எடுக்காதீர்கள். நீங்களும் உட்காருங்கள். காமிரா அவர் கண் உயரத்தில் இருக்கட்டும். குழந்தையை எடுக்கத் தரையில் உட்கார வேண்டியதுதான், வேறு வழியில்லை.

‘என் மூஞ்சி கோணல்’

நம் வீட்டுப் பெண்கள் பலர் படமே வேண்டாம் என்பதற்குச் சொல்லும் காரணம் இது. உண்மையில் கோணல் இல்லை. தினமும் கண்ணாடியில் நாம் பார்ப்பது இடம் வலம் மாறிய முகம். படத்தில் தெரிவது ஊரார் பார்க்கும் முகம். 1977-ல் அமெரிக்காவில் சில பெண்களுக்கு இரண்டு விதப் படங்களையும் காட்டிக் கேட்டார்கள். பலர் தமக்குப் பிடித்ததாகச் சொன்னது கண்ணாடி முகத்தை. அவர்களுடைய தோழிகளுக்குப் பிடித்ததோ நேர் முகம். ஆகவே உங்கள் படம் நன்றாக இருக்கிறதா என்று உங்களைக் கேட்காதீர்கள். உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள்!

‘போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்’, ‘மூணு பேரா நிக்கக் கூடாது’ என்று பயப்படும் பெரியவர்களும் உண்டு. இதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களோடு வாதாடி மனசைக் கலைத்துவிட்டுப் படம் எடுப்பதில் என்ன லாபம்? மூன்று பேர் என்றால் நாலாவதாக ஒரு குழந்தையை மடியில் வையுங்கள். பிரச்னை தீர்ந்தது. நிஜமாகவே வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். இன்னொரு நாள் வரும்.

படம் சொல்லும் நோய்

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டையும் பார்ப்போம். இதில் நிறம், விழி இரண்டையும் ஒரு நல்ல படம் வருஷக்கணக்கில் காப்பாற்றி வைக்கும். தினமும் பார்க்கிறவர்களுக்கு மாற்றம் தெரியாது. போன வருஷப் படத்தையும் இன்றையதையும் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரியும். அப்பா இளைத்திருப்பது, அம்மாவின் கழுத்து முன்பக்கம் வீங்கியிருப்பது, ஓர் இமை மட்டும் தொங்குவது, முகம் உப்பியிருப்பது. இமைத் தொங்கல் எப்போது ஆரம்பித்தது என்று அறிய, பழைய படம் கொண்டுவாருங்கள் என்று டாக்டர்கள் கேட்பது வழக்கம். அசையாமல் விறைத்து, வாயை இறுக்கி எடுத்த படத்தில் இவை மறைந்துவிடும். சாதாரணமாக இருக்கும்போது எடுத்த படம்தான் உண்மை சொல்லும்.

ஆனால் முகம் திடீரென்று ஒரு பக்கம் கோணினால், பேச்சுக் குழறினால் படத்தை ஒப்பிட்டுக்கொண்டு உட்காராதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

குழந்தைகள் விஷயத்தில் ஒன்றை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி சிவப்பாகத் தெரிவது சகஜம். ஒரு கண்ணில் சிவப்பும் மற்ற கண்ணில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒளியும் தெரிந்தால் கவனிக்க வேண்டும். கோணம் மாறியதாலும் அப்படித் தெரியலாம், கண்புரையாலும் வரலாம். ‘ரெட்டினோபிளாஸ்டோமா’ என்ற விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும் நோய் இது. சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம், பல நேரம் பார்வையையும் காப்பாற்றலாம்.

அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் பிரையன் ஷாவின் மகனுக்கு இந்த நோய் வந்தது. பிறகு பழைய படங்களைப் புரட்டியபோது, மகன் கைக்குழந்தையாக இருந்தபோதே அந்த வெள்ளை ஒளி பதிவாகியிருந்ததை அவர் கண்டார். அந்த வேதனையில் பிறந்ததுதான் இதைக் கண்டுபிடிக்க அவர் குழு உருவாக்கிய செல்போன் செயலி. 2019-ல் வெளியிட்ட ஆய்வில், கண் நோய் இருந்த 20 குழந்தைகளில் 16 பேரின் படங்களில் அந்தச் செயலி வெள்ளை ஒளியைக் கண்டது. நோய் தெரியவருவதற்குச் சராசரியாக 1.3 வருஷம் முந்தைய படங்கள் அவை!

செயலி இருக்கிறதோ இல்லையோ, உங்கள் கண் இருக்கிறதே. சந்தேகம் வந்தால் அதே வாரம் கண் டாக்டரிடம் குழந்தையையும் படத்தையும் கொண்டுபோங்கள். இதற்குக் கைவைத்தியம் எதுவும் கிடையாது. சித்த வைத்தியனாகிய நானே சொல்கிறேன்.

பெட்டியில் ஒன்று வையுங்கள்

செல்போன் தொலையும், உடையும், மாறும். எடுத்ததில் நல்லதாக ஐந்து படத்தை ஸ்டூடியோவில் அச்சுப் போட்டு வாங்குங்கள். பின்பக்கம் பெயர், உறவு, ஊர், தேதியைப் பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். ஐம்பது வருஷம் கழித்துப் பார்க்கிற பிள்ளைக்கு ‘இது யார்’ என்று சொல்ல அப்போது ஆள் இருக்காது. நினைவு மங்கி வரும் முதியவரிடம் ஆல்பத்தைப் பிரித்துவைத்துப் பேசவையுங்கள். அது நோயைக் குணப்படுத்தாது. ஆனால் பேச்சு வரும், முகம் தெளியும்.

மேல்சித்தாமூர் அம்மாவின் படத்துக்கு வருவோம். மடியில் முறம், கையில் மல்லாட்டை, பேத்தியைப் பார்த்துச் சிரிக்கும்போது கண் ஓரத்தில் கோடு. பேரன் அதைக் காட்டியபோது அம்மா வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு, ‘‘இதே மாதிரி அவருது ஒண்ணு இருந்தா...’’ என்று நிறுத்திவிட்டார்கள்.

அந்த வார்த்தைக்காகவே பிள்ளைகள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டார்கள். திண்டிவனத்தில் ஒரு மருமகப் பிள்ளையின் பழைய செல்போனில், தேர் நாள் கூட்டத்துக்குள் ஒரு மூலையில், பெரியவர் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். காமிராவை அவர் பார்க்கவே இல்லை. கொஞ்சம் மங்கல்தான். அதைத்தான் இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

அம்மாவுக்குத் தூக்கம் வந்ததா என்று கேட்கிறீர்களா? வந்தது. சூரணத்தாலா, படத்தாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மருந்தை நிறுத்திய பிறகும் வருகிறது என்று மட்டும் மருமகள் சொன்னார்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு...

* பசி, தூக்கம், மாத்திரை நேரம் இல்லாத இருபது நிமிஷம்.
* பழகின உடை, பழகின இடம்.
* முதியவர் உட்கார்ந்தே இருக்கட்டும். பக்கத்தில் தண்ணீர்.
* கையில் ஒரு வேலை, காதில் ஒரு கேள்வி.
* நிழலில் பக்க வெளிச்சம், ஐந்தடி தூரம், கண் உயரம்.
* எடுக்கிறவரும் ஒரு படத்தில் இருக்க வேண்டும். போனை அடுத்தவரிடம் கொடுங்கள்.
* ஐந்து படம் அச்சு, பின்னால் பெயரும் தேதியும்.
* ‘ஆடாதே, அசையாதே, சிரி’ மூன்றும் கண்டிப்பாக வேண்டாம்.